பந்தை விடத் தெரிந்தவர்கள்

டெல்டாவில் எங்கே பூப்பந்தாட்டப் (பால் பேட்மிண்டன்) போட்டி நடந்தாலும் தொடக்க விழாவில் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, "இது நம்ம தஞ்சாவூர் மண்ணில் பிறந்த விளையாட்டு" என்று சொல்லிவிடுவார். உடனே கைதட்டல். நானும் தட்டுவேன், பெருமையான விஷயம்தானே. ஆனால் கொஞ்ச காலமாக அந்த வரியைக் கேட்டால் உள்ளே ஏதோ உறுத்துகிறது. பிறந்த மண் என்கிறோம், சரி. இந்த மண்ணில் இன்றைக்கு இருபது வயதைத் தாண்டிய எத்தனை பேர் சாயங்காலமானால் மட்டையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறார்கள்? மேடையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பழைய ஆட்டக்காரர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். களத்தில் இருப்பவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஆட்களைக் காணோம்.

1856 என்ற ஆண்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள், தஞ்சை அரச குடும்பத்தார் இந்த ஆட்டத்தில் ஈடுபாடு காட்டிய காலம் என்று. அந்த ஆண்டில் தஞ்சாவூரில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சரபோஜி மன்னரின் மகன் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். மறுவருஷமே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அரண்மனையையும் சொத்துகளையும் எடுத்துக்கொண்டார்கள். ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்து, அது லண்டனில் கடைசி மேல்முறையீட்டை விசாரிக்கிற பிரிவி கவுன்சில் வரை போய், 1859இல் கம்பெனி செய்ததற்குச் சாதகமாக முடிந்தது. ஆக, நம் ஆட்டம் பிறந்ததாகச் சொல்லப்படும் காலமும் தஞ்சை அரசு இல்லாமல் போன காலமும் ஒன்றுதான். அரண்மனையை மட்டும் நம்பியிருந்தால் அப்போதே இந்த ஆட்டம் முடிந்திருக்கும். காற்றடிக்கிற நாளிலும் ஈரமான நாளிலும் இறகுப்பந்து சரிப்படாது என்று வெள்ளைக்காரர்களும் கம்பளிப் பந்தை எடுத்து ஆடினார்கள். அப்புறம் பள்ளிக்கூடம், அலுவலகம், ரயில்வே குடியிருப்பு என்று அது தென்னிந்தியா முழுக்கப் போய்விட்டது. 1954இல் அகில இந்திய அளவில் சம்மேளனம் வந்தது. 1970இல் இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கியவர் வாரங்கல்லில் வாழ்ந்த பிச்சையா. பெற்றது தஞ்சாவூர் என்றால், வளர்த்து ஆளாக்கியதில் ஆந்திரத்துக்கும் கர்நாடகத்துக்கும் ரயில்வேக்கும் பெரிய பங்கு உண்டு. எங்கெல்லாம் வேலை முடிந்து வந்தவர்கள் ஆட நின்றார்களோ அங்கெல்லாம் அது நிலைத்தது என்பதுதான் இந்த வரலாற்றிலிருந்து எனக்குப் புரிவது.

ஒரே ஒரு அடி

பூப்பந்தைத் தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கு அது இறகுப்பந்துக்கும் கைப்பந்துக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகத் தெரியும். ஆடியவர்களுக்கு அது தனி உலகம். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் கொண்ட மண் தரை. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர்: பெரும்பாலும் முன்னால் இரண்டு, நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு. பந்து மஞ்சள் கம்பளி நூல் உருண்டை, எடை முப்பது கிராமுக்குள். மட்டை இறகுப்பந்து மட்டையைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத கனம். நரம்பில் பட்டதும் கம்பளி ஒரு கணம் ஒட்டிக்கொண்டு விடுபடும். அந்த ஒட்டலில்தான் 'கட்' இருக்கிறது. மட்டையைச் சாய்த்து இழுத்தால் பந்து வலைக்கு மேலே நேராக வருவதுபோல் வந்து, எதிராளி கை நீட்டும் நேரத்தில் பக்கவாட்டில் திரும்பிவிடும். முன்பெல்லாம் 29 புள்ளி, இப்போது 35. மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் வெற்றி.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. பந்து தரையைத் தொடக் கூடாது. ஒரே அடியில் அந்தப் பக்கம் போயாக வேண்டும். கைப்பந்தில் மூன்று தொடுதல் கிடைக்கும்: ஒருவர் எடுக்கலாம், ஒருவர் தூக்கிக் கொடுக்கலாம், ஒருவர் அடிக்கலாம். அங்கே கூட்டாட்டம் என்பது கண்ணுக்குத் தெரியும். பூப்பந்தில் ஒருவர் இன்னொருவருக்குப் பந்தைக் கொடுக்கவே முடியாது. அப்படியென்றால் ஐந்து பேர் எதற்கு? இது எப்படிக் குழு ஆட்டம்? சின்ன வயதில் எனக்கு இது புரியவில்லை. பல வருஷம் கோர்ட் ஓரத்தில் நின்றபிறகுதான் பிடிபட்டது. பந்து வரும்போது அடிப்பவர் ஒருவர், விடுபவர் நான்கு பேர். அந்த நான்கு பேரும் சரியான நேரத்தில் விட வேண்டும், விட்டுவிட்டு அடுத்த பந்துக்கான இடத்துக்கு நகர வேண்டும். ஒரே வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற ஊரில் என் முறை இல்லாதபோது மடையில் கை வைக்காமல் இருப்பது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இது. மட்டை எட்டுகிற தூரத்தில் வருகிற பந்தை அடிக்காமல் விடுவதற்கு, பின்னால் நிற்பவர் மேல் நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை வருவதற்கு வாய் பேச வேண்டும். 'எனக்கு', 'உனக்கு', 'விடு', 'அவுட்டு'. நல்ல ஐவர் அணி ஆடும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே ஆட்டம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடலாம்.

இதை யாரும் எங்களுக்குப் பாடமாக எடுக்கவில்லை. எங்கள் ஊரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கோர்ட் இருந்தது. தபால் அலுவலகத்துக்காரர், கூட்டுறவு வங்கி எழுத்தர், நடுநிலைப்பள்ளி வாத்தியார், அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர் எல்லோரும் ஐந்தரை மணிக்கு வேட்டியை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். பையன்களான எங்களுக்கு வேலை, வெளியே போகிற பந்தை எடுத்துப் போடுவது. என்றைக்காவது ஒரு ஆள் வராவிட்டால், "தம்பி, முன்னால நில்லு" என்பார்கள். முன்வரிசையில் நிற்கிற பையனுக்கு அடிப்பதைவிடக் குனிவதுதான் அதிகம். பின்னாலிருந்து யாராவது "குனி" என்பார், குனிவோம், தலைக்கு மேலே பந்து போகும். பயிற்சி என்று சொல்லாமலேயே நடந்த பயிற்சி அது. பதினைந்து வயதுப் பையனும் ஐம்பது வயதுக்காரரும் ஒரே அணியில் நின்று நிஜமாகவே ஜெயிக்கப் பார்க்கிற ஆட்டங்கள் ரொம்பக் குறைவு. ஓடி மாள வேண்டிய ஆட்டம் இல்லை இது. முன்னால் நிற்பவருக்குக் கண்ணும் கையும் போதும், கால் பின்னால் நிற்பவருக்கு வேண்டும். வயதுக்கேற்ற இடம் கோர்ட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த மாதிரி கோர்ட்டுகள் போன விதம் டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படித்தவர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். அலுவலகங்களில் விளையாட்டுக்காக ஆள் எடுப்பது குறைந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு ரயில்வே பணிமனை போன காலத்திலிருந்து இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு ரயில்வே என்றால் ஒரு ஆசை. அந்த வாசலும் குறுகிவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் கோர்ட்டில் தண்ணீர் நிற்கும், கம்பளிப் பந்து ஈரம் குடித்துக் கல்லாகிவிடும் என்பது எப்போதும் உள்ளதுதான். முன்பு பொங்கல் முடிந்ததும் யாராவது மண் கொட்டிச் சமப்படுத்திச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். ஒரு வருஷம் அந்த 'யாராவது' இல்லாமல் போனால் கோர்ட் போய்விடும். எங்கள் கோர்ட் அப்படித்தான் போனது. இப்போது அந்த இடத்தில் இருசக்கர வாகன நிறுத்துமிடம். கையில் காசு உள்ளவர்களுக்குக் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் கூரை போட்ட இறகுப்பந்து அரங்கங்கள் வந்துவிட்டன, மணிக்கு இவ்வளவு என்று கட்டி ஆடலாம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அங்கே வெளியே போகிற பந்தை எடுத்துப் போட நிற்கிற பையனுக்கு இடம் கிடையாது.

மிச்சமிருப்பது பள்ளிக்கூடம். உடற்கல்வி ஆசிரியர்கள் இல்லையென்றால் இந்த ஆட்டம் இங்கே எப்போதோ முடிந்திருக்கும், அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் மட்டும் வாழ்கிற ஆட்டம் ஒரு பாடத்தைப் போல ஆகிவிடுகிறது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம், சான்றிதழ். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மட்டையை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சான்றிதழுக்குக் கல்லூரி இடத்திலும் வேலையிலும் மதிப்பு குறைந்தால், அடுத்த வருஷம் கோர்ட்டில் பிள்ளைகளே இருக்க மாட்டார்கள்.

அந்த அக்கா நடுவில் நின்ற நாள்

இதெல்லாம் ரொம்ப நாளாக மனசில் புலம்பலாக இருந்ததுதான். அது ஒரு கருத்தாக உருண்டு வந்தது ஓர் ஆடி மாதச் சாயங்காலத்தில். எங்கள் பக்கத்து அரசுப் பள்ளியில் பெண்கள் அணி குறுவட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. நல்ல அணி. அதில் ஒரு பெண், பதினொன்றாம் வகுப்பு, கை வீச்சு அபாரம். அவள்தான் அணி என்று சொல்லலாம். எந்தப் பந்து வந்தாலும் அவள் பாய்வாள், மற்ற நான்கு பேரும் நின்று பார்ப்பார்கள். வெளியிலிருந்து பி.டி. சார் விசில் ஊதி, "லெஃப்ட்ல போ, பின்னால போ" என்று கத்திக்கொண்டிருப்பார். உள்ளே ஒரு சத்தமும் கிடையாது. அன்றைக்குப் பத்துப் பேருக்கு ஒரு ஆள் குறைந்தது. முன்வரிசையில் நிற்கிற ஒரு பெண்ணின் அம்மா மகளைக் கூட்டிப்போக வண்டியில் வந்து மரத்தடியில் நின்றிருந்தார். தையல் கடை வைத்திருப்பவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை எல்லாம் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், மாவட்ட அணிக்கு ஆடியவர் என்பது எங்களுக்குத் தெரியும். பி.டி. சார் அவரைவிட இளையவர். "அக்கா, ஒரு கை குறையுது, நிக்கிறீங்களா?" என்றார்.

"புடவையோட எப்படிப்பா" என்று அவர் சொல்லும்போதே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார். செருப்பைக் கோட்டுக்கு வெளியே விட்டார். மட்டையை வாங்கி நரம்பை உள்ளங்கையால் ஒரு தட்டு. பந்தை விரலால் அழுத்திப் பார்த்து, துருத்திக்கொண்டிருந்த ஒரு நூலைப் பிய்த்துப் போட்டார். முன்னால் நிற்கச் சொன்னார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. "நடுவுல நிக்கிறேன்" என்றார். முதலில் வந்த பந்தை வலையில் அடித்தார். அடுத்ததும் சரியாக வரவில்லை. மூச்சு வாங்கியது. அப்புறம் பேச ஆரம்பித்தார்.

"விடுடி, அவளுக்கு." "பின்னால போ, பின்னால போ." "அவுட்டு, தொடாத." "வெயில் அவுங்க கண்ணுல, தூக்கிப் போடு." அந்தப் பள்ளிக் கோர்ட் கிழக்கு மேற்காகப் போடப்பட்டது. சாயங்காலம் கிழக்குப் பக்கம் நிற்பவர்களுக்குச் சூரியன் நேர் முகத்தில் அடிக்கும். தினமும் அங்கே ஆடுகிற பிள்ளைகளுக்கு அதை ஓர் ஆயுதமாக எடுக்கத் தோன்றியதில்லை. இவர் வந்து கால் மணி நேரத்தில் எடுத்தார். ஒரு பந்து அவருடைய நெஞ்சுயரத்தில் சுகமாக வந்தது. யாராக இருந்தாலும் அடிப்பார்கள். அவர் மட்டையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தோளை மட்டும் ஒதுக்கி, "உனக்கு" என்றார். பின்னால் நின்றிருந்தது அணியிலேயே கூச்சப்படுகிற பெண், அதுவரை நாலு பந்துகூடத் தொடாதவள். அவள் திடுக்கிட்டு, ஆனாலும் முழுக் கையையும் வீசி அடித்தாள். எதிர்ப்பக்க மூலையில் போய் விழுந்தது. கோட்டருகே புள்ளி சொல்லிக்கொண்டிருந்த எனக்குப் புள்ளி சொல்லவே மறந்துபோனது. அந்த அம்மா திரும்பிப் பார்க்கவும் இல்லை. அடுத்த பந்துக்கு ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்திருந்தார். பின்னால் நிற்பவள் எப்படி அடித்தால் எங்கிருந்து திரும்ப வரும் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

இருட்டுகிற நேரத்தில் அந்தக் கெட்டிக்காரப் பெண்ணும், எதிரணியில் நின்றபடி, "உனக்கு, உனக்கு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். பி.டி. சார் விசிலைப் பையில் போட்டுவிட்டார். அதற்கப்புறம் அந்த அக்கா கடையை அடைத்துவிட்டு அடிக்கடி வந்தார். பிள்ளைகள் "அத்தை வந்தாச்சு" என்று ஓடுவார்கள். குறுவட்டத்தில் ஜெயித்தார்கள், மாவட்ட அரையிறுதியில் தோற்றார்கள். தோற்ற ஆட்டத்தில்கூட ஐந்து குரல் கேட்டது.

எனக்கு அன்றைக்குத் தெளிவானது இதுதான். இந்த ஆட்டத்தின் பாதி அறிவு வெளியிலிருந்து சொல்லிக்கொடுக்க முடியாதது. உள்ளே நின்று ஆடுகிற பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் சிறியவருக்கு அது இறங்கும். நாம் 'வளர்ச்சி' என்று பேசுவதெல்லாம் பிள்ளைகளைப் பற்றி: கோடைப் பயிற்சி முகாம், இலவச மட்டை, சீருடை. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் முப்பது வயதுக்காரர்கள் ஆடாத ஆட்டத்தைப் பதினைந்து வயதுக்காரர்களிடம் எவ்வளவு கொடுத்தாலும் அது அவர்கள் கையோடு முடிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. நான் மேலே சொன்ன பழைய கோர்ட்டில் ஒரு பெண்கூட நின்றதில்லை. அந்த அக்காவும் அவரோடு ஆடியவர்களும் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தப்பட்டவர்கள், கல்யாணத்தோடு மறக்கப்பட்டவர்கள். பழைய காலம் திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பழைய காலம் பாதிப் பேருக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம்

கோடியக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற இலங்கையைப் பார்ப்போம். கிரிக்கெட்டில் மூழ்கிய சின்ன நாடு. அங்கே வலைப்பந்து (நெட்பால்) என்ற பெண்கள் ஆட்டம், ஏழு பேர் ஆடுவது, பெரிய விளம்பரமோ பணமோ இல்லாமல் நடக்கிறது. 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் ஆசியச் சாம்பியன். அந்த அணியின் முகம் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், ஆறே முக்கால் அடிக்கும் மேல் உயரம். அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் உயரத்தைத்தான் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அங்கே பள்ளிக்கூடம் முடிந்த பெண்ணுக்கு ஆட இடம் இருக்கிறது. வங்கிகளும் வணிக நிறுவனங்களும் பெண்கள் அணி வைத்திருக்கின்றன, அவற்றுக்குள் போட்டி நடக்கிறது, முப்படைகளுக்கும் அணி உண்டு. வேலை பார்த்துக்கொண்டே முப்பது வயதிலும் ஒரு பெண் ஆடலாம். தர்ஜினி நாற்பதை நெருங்கியும் நாட்டுக்காக ஆடினார். ஒரு சின்ன நாடு சிறுபான்மை ஆட்டம் ஒன்றைக் காப்பாற்றுகிறது என்றால், அதற்குள் இப்படிப் பெரியவர்களின் அணிகள் இருக்கின்றன.

நம் பக்கத்தில் வேறொரு வழியைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. கபடி மண்ணை விட்டு 'மேட்' விரிப்புக்குப் போய், 2014இல் புரோ லீக் வந்து, வீரர்கள் கோடியில் ஏலம் போகிறார்கள். கோ-கோவுக்கு 2025 ஜனவரியில் டெல்லியில் உலகக் கோப்பையே நடந்தது, ஆண், பெண் இரண்டிலும் இந்தியா நேபாளத்தை வென்று கோப்பை வாங்கியது. பூப்பந்தையும் உள்ளரங்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும், நாலு வெளிநாட்டில் ஆட வைக்க வேண்டும், அப்போதுதான் மரியாதை என்கிறார்கள். அங்கீகாரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தன, நம் வாசலான திருச்சியிலும் நடந்தன. சிலம்பம் காட்சி ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது, சந்தோஷம். பாரம்பரிய ஆட்டங்களான களரியும் கட்காவும் தாங்-டாவும் மல்லகம்பமும் 2020இல் முடிவெடுத்து உள்ளே கொண்டுவரப்பட்டவை, அதுவும் நியாயமே. தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் நடந்த விழாவில் பூப்பந்துக்கு இடமில்லாமல் போனது எனக்கு வலித்தது. அந்தப் பட்டியலில் இடம் கிடைத்தால் பிள்ளைகளின் சான்றிதழுக்கு உயிர் வரும், அதற்காகக் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கபடிக்கு லீக் வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் கபடி ஆடுகிற பெரியவர்கள் இருந்தார்கள், பொங்கலுக்குப் பந்தல் போட்டு ஆடினார்கள். லீக் அந்த மண்ணிலிருந்துதான் ஆள் எடுத்தது. நமக்கு இப்போது லீக் வந்தால் எங்கிருந்து எடுப்பார்கள்?

அதனால் நானும் சில நண்பர்களும் கையில் இருக்கிற சின்ன வேலையைப் பிடித்திருக்கிறோம். பள்ளி கேட்டை வழக்கமாக ஐந்தரைக்குப் பூட்டிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளை இருட்டும்வரை நிறுத்திவைக்கத் தலைமையாசிரியர் தயங்குகிறார், அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அம்மாக்கள் நாலு பேர் கோர்ட்டிலேயே ஆடிக்கொண்டிருந்தால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்காது. இதைத்தான் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் மனுவாக எழுதிக் கொடுத்தோம். பக்கவாட்டு கேட்டை மட்டும் ஏழு மணிவரை திறந்து வையுங்கள், சாவி எங்கள் பொறுப்பு, விளக்குக்கான மின்கட்டணமும் எங்கள் பொறுப்பு. விவாதம் நடந்தது. ஒருவர், "கல்யாணமான பொம்பளைங்க பள்ளிக்கூடத்துல வந்து ஆடுறதா?" என்று கேட்டார். தையல் கடை அக்காவும் கூட்டத்தில் இருந்தார். "ஏங்க, ஆடிக்கிட்டிருந்தவங்கதானே நாங்க" என்றார். சோதனையாக மழைக்காலம் தொடங்கும்வரை அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

இப்போதைக்குச் செவ்வாய், வியாழன், சனி. பெரியவர்கள் ஆறேழு பேர் வருகிறோம், அதில் பெண்கள் மூன்று பேர். இரண்டு பக்கமும் கலந்துதான் நிற்கிறோம், ஒவ்வொரு பக்கமும் குறைந்தது இரண்டு பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். தொண்ணூறுகளில் பழைய தஞ்சை மாவட்டத்துக்காகவோ பள்ளிக்காகவோ ஆடிய அக்காமார்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மன்னார்குடி, நீடாமங்கலம், அம்மாப்பேட்டைப் பக்கம் யாராவது இதைப் படித்தால், உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பேட் இல்லையே என்று யாரும் யோசிக்க வேண்டாம், பள்ளியில் நான்கு கூடுதலாக இருக்கிறது.